சைக்கிள் நுழையாத கடைத்தெரு

நடப்பவர்களுக்கு மட்டும் என்று வண்டிகளைத் தடுத்துவிட்ட சென்னைக் கடைத்தெரு ஒன்றின் முகப்பில் வாடகை சைக்கிள்கள் வரிசையாக நின்றன. புது டயர் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு அப்பாவின் கடை ஞாபகம் வந்தது.

2005-ல் மரக்காணம் கடைத்தெருவில் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். உப்பளத்து வேலைக்குப் போகிறவர்கள் காலையில் செருப்பை எங்கள் கடையில் விட்டுவிட்டு சைக்கிளை எடுப்பார்கள். உப்புப் பாத்தியில் செருப்புக்கு வேலையில்லை; அதுதான் அடமானம். சாயங்காலம் அப்பா சைக்கிளில் பூத்த உப்பைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விடுவார்.

ஒருநாள் கடைத்தெருவில் உப்பு லாரி ஒன்று பூக்கார அக்காவின் காலில் ஏறியது. தெருவுக்குள் வண்டியே வரக்கூடாது என்று மனு எழுதி, முதல் கையெழுத்துப் போட்டவர் அப்பா. தெருமுனையில் கம்பம் நட்டு, சங்கிலி கட்டினார்கள். குழி தோண்டவும் அப்பா போனார்.

மறுநாள் காலை, காவலுக்கு நின்றவர் எங்கள் சைக்கிள்களை மறித்தார். அதே கையால் சங்கிலியை அவிழ்த்து ஒரு லாரியை உள்ளே விட்டார்.

"ஏங்க, லாரி மட்டும் போவுது?" என்றார் அப்பா.

"சரக்கு இறக்க பர்மிட் இருக்குது. உன் சைக்கிளுக்கு இருக்குதா?"

"மனு எழுதினதே நாந்தாங்க."

"அப்போ ரூல்ஸ் உனக்கே தெரியணும்."

ஒரே மாதத்தில் கடையை மூடினோம். வந்தவர்கள் அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் அப்பாவும் உப்பளத்துக்குக் கூலியாகப் போனார், நடந்தே.

"எடுத்துக்கோங்க மேடம், தெருவுக்குள்ளயே ஓட்டலாம்," என்றாள் சென்னைத் தெரு முகப்பில் சைக்கிளை வாடகைக்கு விடும் பெண். "சைக்கிள யாரு தடுக்கப் போறாங்க?"