நாரை வண்டி அதே வண்டிதானா

இங்கே காரில் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிடுகிறார்கள். நெய்வேலிக்கு வந்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. ஆபீஸ் ஜீப்பில் யாரையாவது ஏற்றினால், ரோட்டோரம் செருப்பை ஜோடியாக வைத்து, காலைத் துடைத்துக்கொண்டு ஏறுவார்கள். ஒரு மைல் போனபின், "செருப்ப அங்கியே வுட்டுட்டேங்க" என்பார்கள். திரும்பி வருவோம். மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்து ஜனங்கள் காரில் ஏறியதே இல்லை. ஏறியிருந்தால் கழற்றியிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. வெள்ளைக்காரத் துரை பூட்ஸ் காலோடு ஏறுவார். அப்பா பிறகு அந்தச் சேற்றைத் துடைப்பார்.

இன்னும் தைப்பிங் பக்கம் தோட்டத்திலேயே இருக்கிற நீங்கள் கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறீர்கள், அங்கே பிழைப்பு எப்படி என்று. நான் நாலாவது வரை படித்தவன். சுற்றி வளைத்து எழுத வராது. தெரிந்தது கார் ஒன்றுதான். அதை வைத்துச் சொல்கிறேன்.

நம் துரையின் கார் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கம்பெனிப் பெயர் நம் யார் வாயிலும் நுழையவில்லை. மூக்கில் வெள்ளியில் ஒரு நாரை கழுத்தை நீட்டிப் பறக்கும். நாரை வண்டி என்றோம். பணக்காரன் வாங்குகிற வண்டிதான், ஆனால் சொகுசு கிடையாது. தரையோடு தரையாகக் கிடக்கும். குனிந்துதான் ஏற வேண்டும். சீட் பலகை மாதிரி இருக்கும். ரோட்டில் கல் கிடந்தால் அது எந்த அளவு கல் என்று முதுகெலும்பு சொல்லும். வளைவில் நாம் நினைக்கும்போதே வண்டி திரும்பியிருக்கும். துரை சிரித்து நான் பார்த்தது அந்த வண்டிக்குள் மட்டும்தான். பதினேழு வயதில் எனக்கு அதைக் கழுவும் வேலை. ஷெட்டிலிருந்து வெளியே எடுக்க வேண்டும், கழுவி உள்ளே விட வேண்டும். அந்த இருபது அடியில்தான் நான் டிரைவர் ஆனேன். மற்றபடி ஓட்டுவது துரைதான். நாரை வண்டி வாங்குகிறவன் டிரைவர் வைப்பதில்லை. ஓட்டுவதற்காகத்தானே வாங்குகிறான்.

அப்பாவின் ஊர் குள்ளஞ்சாவடிக்குத் தெற்கே. என்னோடு திரும்பி வந்து ஆறு மாதத்தில் இறந்துபோனார். நான் தங்கிவிட்டேன். அவர் ஊரில் எனக்குப் பெயர் பினாங்குக்காரன். பினாங்கை நான் கப்பலேறும்போதுதான் பார்த்தேன் என்று சொன்னாலும் கேட்க ஆள் இல்லை. நெய்வேலியில் நிலக்கரி எடுக்கிறார்கள், கார் தெரிந்தவனுக்கு வேலை உண்டு என்றார்கள். மோட்டார் ஷெட்டில் கான்ட்ராக்டில் சேர்ந்தேன், ஜீப் ஓட்டவும் வண்டி கழுவவும். அஞ்சலையைக் கட்டினேன். அவள் ஊரைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அவள் வீடு இருந்த இடத்தில் இப்போது பள்ளம். எங்களுக்குத் தகரக் கொட்டகை ஒன்று கிடைத்தது. மழையில் உள்ளே ஒழுகும், வெயிலில் உள்ளே நிற்க முடியாது. நான் சொல்லப்போகிறது நடந்தபோது அஞ்சலை ஏழு மாதக் கர்ப்பம்.

ஜெர்மன்காரர் ஹெர்மன் சார் சுரங்க இயந்திரங்களுக்கு வந்தவர். அங்கே துரை என்றோம், இங்கே சார் என்கிறோம். அவர் கொண்டுவந்த காரை முதல் நாள் ஷெட்டில் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டேன். மூக்கில் நாரை. அதே குனிந்து ஏறுகிற வண்டி. கழுவும் வேலை எனக்கே வந்தது. அவருடைய இங்கிலீஷும் என்னுடையதும் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் அதிகம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து பண்ருட்டி ரோட்டில் ஓட்டுவார். முந்திரித் தோப்புக்கு நடுவே நேரான ரோடு, அது முடிந்ததும் ஒரு வளைவு. வேகத்தைக் குறைக்காமல் அந்த வளைவில் எடுப்பார். எடுத்து முடித்ததும் என்னைப் பார்த்துச் சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வரும். துரை பக்கத்தில் அப்பா ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வரும். சிரிப்பு நின்றுவிடும்.

அவருக்கு ஐம்பது வயது. சுரங்கத்துப் பாதையில் ஜீப்பில் குலுங்கி இடுப்பு போயிருந்தது. அந்தச் சமயம் இன்னொரு வெளிநாட்டு எஞ்சினியர் ஊர் திரும்புகிறார், தன் காரை விற்கிறார் என்று செய்தி வந்தது. அதுவும் நாரை வண்டிதான், புது மாடல். நாலு கதவு. நிமிர்ந்து ஏறலாம். பின் சீட்டில் படுக்கலாம். ஹெர்மன் சார் சொன்னார்: இதை வாங்கினால் டிரைவர் வேண்டும், உன்னையே கேட்டு ஆபீசுக்கு எழுதுகிறேன், பெர்மனன்ட் ஆகிவிடும், குவார்ட்டர்ஸும் கிடைக்கும். வாங்குவதற்கு முன் நீ ஓட்டு, நான் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறேன். ஜீப்பில் உன் கை எனக்குத் தெரியும். எப்படி ஓடுகிறது என்று உண்மையைச் சொல்.

ஓட்டிக் காட்ட வேண்டிய நாள் காலை, அந்த எஞ்சினியர் தங்கியிருந்த கெஸ்ட் ஹவுசிலிருந்து வண்டியை எடுத்துவந்தபோது நான் தனி. தோப்பு வளைவு வரைக்கும் போய், சார் எடுக்கிற வேகத்திலேயே எடுத்துப் பார்த்தேன். வண்டி சாய்ந்தது. டயர் முனகியது. ஸ்டீயரிங் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிறவன் மாதிரி இருந்தது. நிறுத்தி, இறங்கி, மூக்கைப் பார்த்தேன். நாரை அதே நாரைதான்.

ஷெட்டில் தேவசகாயம் அண்ணனிடம் சொன்னேன். அவர் திருநெல்வேலிக்காரர், லாரி டிரைவர்.

"ஏய் பினாங்கு, கார் முன்ன மாதிரி ஓடலன்னா ஒனக்கு என்னடே? நீயா வாங்கப் போற?"

"அது நாரை வண்டி இல்லண்ணே. பேரு மட்டும்தான்."

"நம்ம சூப்பர்வைசரு காலேஜுல ஓட்டப்பந்தயம் ஓடுனவராம். இப்ப வயித்தப் பாத்தியா? அதுக்காவ பேர மாத்திட்டாவளா? காசு வச்சிருக்கவனுக்கு வயசாயிட்டுல்லா, அவனுக்குத் தக்கன வண்டி செய்யுதான். கம்பெனிக்காரன் கோட்டியாடே?"

கம்பெனிக்காரன் பைத்தியமில்லை என்று அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் வேகமாகப் போக முடியாத நாரை வண்டிக்கு எதற்கு அந்த விலை என்று எனக்கு மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குக் கொட்டகைக்குப் போனேன். அஞ்சலை சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்தக் காரு வாங்குனா நமக்கு வூடு குடுப்பாங்களா?"

"சார் எழுதிக் கொடுத்தா கொடுப்பாங்க."

"அப்ப நல்ல காருன்னு சொல்லுங்க."

"நல்ல கார்தான். ஆனா அது இல்ல."

"எது இல்ல? நாலு சக்கரம் இல்லியா?" என்றாள். குழம்பை ஊற்றிக்கொண்டே, "அவுரு பின்னால உக்காந்துகினு போறதுக்குத்தானே வாங்கறாரு. நீங்க ஏன் முன்னால உக்காந்துகினு வருத்தப்படறீங்க?" என்றாள்.

அவள் கேட்டது சரி. பழைய நாரை வண்டியில் ஓட்டுகிற இடம் எனக்கு இல்லை. கழுவலாம், பக்கத்தில் உட்காரலாம். வண்டி மெத்தையாகிப் போனதால்தான் எனக்கு ஒரு சீட் வருகிறது. நான் விரும்பின வண்டி கெட்டுப்போனால்தான் எனக்குச் சோறு. இதை யாரிடம் சொல்வது?

மாலை நாலு மணிக்கு சார் பின்னால் ஏறினார். பண்ருட்டி ரோட்டில் பலாப்பழ வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவற்றைத் தாண்டி நேர் ரோட்டில் வேகமாகவே விட்டேன். நேர் ரோட்டில் குறை எதுவும் தெரியாது. வளைவு வருவதற்கு வெகு தூரம் முன்பே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். பிரேக்கைத் தொடவில்லை, தொட்டால் தெரிந்துவிடும். வண்டி தானாக மெதுவாகி, தண்ணீரில் போவதுபோல் திரும்பியது. பின்னால் இருப்பவருக்கு வளைவு வந்ததே தெரிந்திருக்காது. கண்ணாடியில் பார்த்தேன். இடுப்புக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

ஷெட் வாசலில் இறங்கிக் கேட்டார். நல்ல காரா என்று கேட்கவில்லை. "அதே காரா?" என்று கேட்டார்.

"அதே கார்தான் சார்" என்றேன்.

தோளில் தட்டினார். வாங்கிவிட்டார்.

ஆபீசில் குவார்ட்டர்ஸுக்கு ஒரு ஃபாரம் நிரப்பச் சொன்னார்கள். அஞ்சலையும் வந்தாள். கிளார்க் கேட்டார்.

"சொந்த ஊரு?"

தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.

"அது வெளிநாடுய்யா. இங்க எந்த ஊரு?"

அப்பாவின் ஊரில் எனக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை. அஞ்சலை தன் ஊர்ப் பெயரைச் சொன்னாள். கிளார்க் பேனாவைத் தூக்கினார்.

"அந்த ஊரு இப்ப இல்லியேம்மா. அங்கதான மிஷின் ஓடிக்கினு இருக்குது."

"ஊரு இல்லன்னா நான் எங்க பொறந்தேன்?" என்றாள் அஞ்சலை.

அவர் சிரித்துவிட்டார். எங்களுக்குக் கொடுக்கப்போகிற பிளாக்கின் பெயரையே அந்தக் கட்டத்தில் எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

குடிபோகிற நாளில் சாமான்களைப் புதுக் காரிலேயே எடுத்துப்போ என்றார் ஹெர்மன் சார். தானும் வந்தார். அஞ்சலை முன்னால். குடம், பாய், அண்டா எல்லாம் பின்னால் அவர் பக்கத்தில். அரிக்கேன் விளக்கை மடியில் வைத்துக்கொண்டார். குவார்ட்டர்ஸ் வாசலில் இறக்கினோம். அஞ்சலை உள்ளே போய்ச் சுவரைத் தொட்டாள். வெளியில் நின்ற சார் கையை நீட்டி, சாவி என்றார். கொடுத்தேன். தனியாக எடுத்துக்கொண்டு போனார். அந்த வண்டியை அவர் ஓட்டியது அதுதான் முதல் தடவை. பண்ருட்டி ரோட்டுப் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். அதன்பிறகு எனக்கு அண்டாவைத் தூக்கக் கை வரவில்லை.

அரை மணியில் வந்தார். டயர் கருகின நாற்றம் அடித்தது. முன் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார், எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். நான் பக்கத்தில் போய், "சார், அன்னிக்கு அந்த வளைவுல" என்று ஆரம்பித்தேன்.

"நோ" என்றார்.

சொல்லாதே என்கிறாரா, அதே கார் இல்லை என்கிறாரா, இனி நீ வேண்டாம் என்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. கேட்பதற்கு என்னிடம் அவ்வளவு இங்கிலீஷும் இல்லை. அவர் இறங்கினார். சாவி அதிலேயே தொங்கியது. தானே பின் கதவைத் திறந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

வாசலில் அஞ்சலை, பின் சீட்டில் சார். நடுவில் நான் நின்றேன். உள்ளே வருவேன் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியை எடுப்பேன் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.