கடுக்காய் காய்ந்திருந்தது

தீனதயாளனுக்கு ஐம்பத்து மூன்று வயது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் அவருடைய பட்டறை இருக்கிறது. பட்டறை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். அது கம்பெனி, பிரைவேட் லிமிடெட். டைரக்டர்கள் இரண்டு பேர், அவரும் மனைவி விஜயலட்சுமியும். சட்டப்படி நடத்த வேண்டிய டைரக்டர் கூட்டம் காலையில் இட்லி வேகிற நேரத்தில் நடக்கும். விஜயலட்சுமி சொல்வது தீர்மானமாகிவிடும்.

ஐ.டி.ஐ. முடித்து, சர்க்கரை ஆலையில் பதினோரு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். அடுத்தவன் யோசித்ததை ரிப்பேர் பார்ப்பது அலுத்துப்போய் வெளியே வந்தார். அன்றிலிருந்து, தாம் யோசித்ததை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவர் பெயரில் இரண்டு காப்புரிமைகள் உண்டு. ஒன்று, மரவள்ளிக் குச்சியை நடுவதற்கேற்ற துண்டுகளாக வெட்டும் இயந்திரத்துக்கு. இன்னொன்று, டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக் கிழங்கை முறியாமல் மண்ணிலிருந்து தூக்கும் கருவிக்கு. முதலாவதைச் சுற்றுவட்டாரத்தில் நாலு பேர் அப்படியே செய்து விற்கிறார்கள். இவர் ஒருவர் மேலும் வழக்குப் போட்டதில்லை. "நல்லா இருக்கக்கண்டிதானே காப்பி அடிக்கிறான்" என்பார். பிறகு காப்புரிமை எதற்கு என்று கேட்டால் லேத்தைப் பார்க்கத் திரும்பிவிடுவார். சான்றிதழில் 'கண்டுபிடித்தவர்' என்ற வார்த்தைக்கு நேராகத் தம் பெயர் அச்சாகியிருப்பதைப் பார்க்கத்தான். அதை வெளியே சொல்ல முடியுமா?

மூன்றாவது விண்ணப்பம் கடுக்காய் உடைக்கும் இயந்திரத்துக்கு. கல்வராயன் மலையில் கடுக்காயைப் பொறுக்கிக் காயவைத்து, கல்லில் வைத்துத் தட்டி, கொட்டையை எறிந்துவிட்டுத் தோலை விற்பார்கள். தட்டுவது பெண்கள். அடிபடுவது பாதி காய், பாதி விரல். இரண்டு உருளைகளுக்கு நடுவே காயை விட்டால் தோல் மட்டும் உடைந்து கொட்டை முழுசாக விழ வேண்டும் என்று தீனதயாளன் ஒன்றைச் செய்தார்.

செய்ததும், எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். ஃபிளெக்ஸ் அடித்தார். நம் பக்கத்தில் விழாவுக்கு முந்தின நாளே ஃபிளெக்ஸ் வந்துவிட வேண்டும். ஆகவே வெற்றியும் முந்தின நாளே அச்சாகிவிடும். 'கடுக்காய் உடைக்கும் இயந்திரம் - மாபெரும் வெற்றி விழா' என்று பன்னிரண்டடிக்கு எட்டடி. கீழே பிப்ரவரித் தேதி. வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூரில் அதைக் கட்டி, மைக் செட், ஜெனரேட்டர் எல்லாம் வைத்து, தேங்காய் உடைத்து, இயந்திரத்தை ஓடவிட்டார்.

காய் கொடுத்தவள் இருசம்மாள். அந்த ஊரில் காய் காயவைப்பதில் அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது. பாறையில் பரப்பி, மேகம் கூடினால் அள்ளி, மறுபடி பரப்பி, ஒவ்வொன்றும் குலுக்கினால் கலகலக்கிற பதத்துக்குக் கொண்டுவருவாள்.

உருளைகளின் இடைவெளி எப்போதும் ஒரே அளவு. கடுக்காயோ ஒன்றுபோல் ஒன்று இருக்காது. சின்னக் காய் அப்படியே வழுக்கிக் கீழே விழுந்தது. நடுத்தரக் காய் கொட்டையோடு மாவானது. பெரிய காய் உருளையில் ஏற மறுத்து வானத்தில் ஏறியது. ஒன்று ஒலிபெருக்கியின் வாய்க்குள் போனது. இன்னொன்று இருசம்மாளின் தம்பி சடையனின் நெற்றியைப் பதம் பார்த்தது. ஜனம் சிரித்த சிரிப்பில் தீனதயாளன் மைக்கைப் பிடித்தார்.

"மிஷின்ல ஒரு கொறையும் இல்லீங்க. காய்லதான் ஈரம் ஜாஸ்தி."

இந்த ஒரு வாக்கியம் அவரைக் காப்பாற்றியது. இருசம்மாளுக்கு 'ஈரக்காய்க்காரி' என்ற பட்டத்தையும் தந்தது. அடுத்த பருவத்திலிருந்து வியாபாரி அவள் மூட்டையில் மட்டும் தோலைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் எடை போட்டார்.

தீனதயாளன் மலையிறங்கி, மூன்று மாதம் யோசித்து, ஓர் உருளையை ஸ்பிரிங்கின் மேல் ஏற்றினார். காய்க்குத் தக்கபடி இடைவெளி தானே விரிந்து சுருங்கியது. கொட்டை முழுசாக விழுந்தது. ஆகஸ்டில் விண்ணப்பம் போட்டார். எதனால் ஸ்பிரிங் வந்தது என்று கேட்டவர்களிடம், அது முதலிலிருந்தே இருந்தது என்று சொல்லிவைத்தார். சொல்லச் சொல்ல அவருக்கே அப்படித்தான் இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து வெளியூர்ப் பட்டறைக்காரர் ஒருவர் ஆட்சேபம் எழுப்பினார். ஆதாரமாக அவர் வைத்தது அந்த ஃபிளெக்ஸின் புகைப்படம். விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே ஊரறிய ஓடி மாபெரும் வெற்றி கண்ட இயந்திரம் எப்படிப் புதிதாகும்?

காப்புரிமை வேலைகளைப் பார்க்கும் ரம்யா சென்னையிலிருந்து போன் செய்தாள்.

"சார், அன்னைக்கு மெஷின்ல ஸ்பிரிங் இருந்துச்சா?"

"இருந்துதுன்னு சொன்னா?"

"கேஸ் முடிஞ்சுது. ஊருக்கே காட்டிட்டீங்கன்னு அர்த்தம்."

"இல்லன்னு சொன்னா?"

"அப்ப அன்னைக்கு ஓடினது வேற மெஷின், அது ஃபெயிலாச்சு, அதுக்கப்புறம்தான் ஸ்பிரிங் வச்சேன்னு நீங்க சத்தியம் பண்ணி எழுதித் தரணும். உங்க ஆளுங்க இல்லாம, நேர்ல பார்த்த வெளியாள் ஒருத்தரும் எழுதித் தரணும். ஃபெயிலாச்சா சார்?"

தீனதயாளன் பதில் சொல்வதற்குள், இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்த இன்னொரு டைரக்டர் போன் வரைக்கும் கேட்கிற குரலில், "சட்டை பூரா கடுக்காய் மாவோட வந்தாரு மேடம், மூணு தண்ணி அலசனேன்" என்றாள்.

ஆக, அந்த மூன்றாவது சான்றிதழ் வேண்டுமென்றால் தோற்றதை நிரூபிக்க வேண்டும். ஜெயித்ததற்கு அந்த ஃபிளெக்ஸே சாட்சி. தோற்றதைப் பார்த்து ஊரே சிரித்ததுதான், ஆனால் அருகில் நின்று ஒவ்வொரு காயாகப் பார்த்தவள் இருசம்மாள் ஒருத்திதான்.

மறுநாள் அவர் மலையேறியபோது இருசம்மாள் பாறையில் காய் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"வாங்க இன்ஜினியரே. டேய் சடையா, தலைக்குத் துண்டு கட்டிக்கினு வா, மிஷின்காரரு வந்துகீறாரு."

"மிஷின் எடுத்தாரல இருசம்மா. ஒரு சாட்சி வேணும்."

விஷயத்தைக் கேட்டு முடிக்கும்வரை அவள் கை நிற்கவில்லை.

"அன்னிக்கு மிஷின் தோத்துதுன்னு நான் சொல்லணும். அதானே?"

"ஆமா."

"ஏன் தோத்துது?"

தீனதயாளன் பாறையிலிருந்து ஒரு காயை எடுத்துக் குலுக்கினார். கலகலத்தது.

"நீங்கதானே மைக்ல சொன்னீங்க, காய் ஈரம்னு? நான் போய் மிஷின் கெட்டதுன்னா, அந்த ஆபீசரு ஈரக்காய்க்காரி பேச்ச நம்புவாரா? மொதல்ல நீங்க எழுதிக்கினு வாங்க, காய் காஞ்சிதான் இருந்துதுன்னு. எல்லாரும் இருக்கசொல்ல நீங்களே படிங்க. அப்பறம் நான் போடறேன் கையெழுத்து."

அவள் கேட்டது நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் தொந்தரவு. விஜயலட்சுமியிடம் சொன்னபோது, "இத அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு நடை மிச்சம்" என்று தீர்மானம் நிறைவேற்றிவிட்டாள்.

மூன்றாம் நாள் ரம்யா அனுப்பிய தமிழ் வாசகத்தோடு போனார். முப்பது பேர் கூடியிருந்தார்கள். நின்றுகொண்டு படித்தார்.

"மேற்படி தேதியில் இயக்கப்பட்ட இயந்திரத்தில் ஸ்பிரிங் அமைப்பு இல்லை. அதனால் எதிர்பார்த்த விளைவு கிடைக்கவில்லை..."

"தோத்துச்சின்னு போடுங்க" என்றான் சடையன், நெற்றியைத் தடவிக்கொண்டு. "எனக்கு நல்லாவே வெளைவு கெடைச்சுது."

தீனதயாளன் பேனாவால் அடித்துத் 'தோல்வியடைந்தது' என்று எழுதினார்.

"...பயன்படுத்தப்பட்ட கடுக்காய்கள் எட்டு நாட்கள் நன்கு காயவைக்கப்பட்டவை."

"ஒம்போது" என்றாள் இருசம்மாள்.

"மேடம் எட்டுன்னுதான் அடிச்சி..."

"மேடமா வந்து காய வச்சாங்க? ஒம்போது நாளு."

ஒன்பது ஆனது. கடைசி வாக்கியம் அவராகச் சேர்த்தது. ரம்யாவின் தாளில் இல்லை. "காயில் ஈரம் இருந்ததாக நான் மைக்கில் சொன்னது பொய்." படித்துவிட்டுத் தாளை மடித்தார். யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. கூட்டத்தில் நின்றிருந்த வியாபாரி மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு வண்டியைப் பார்க்கப் போனார்.

மறுநாள் இருசம்மாள் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டாள். போடுமுன் ஒன்பதை ஒருமுறை விரல் வைத்துச் சரிபார்த்தாள்.

விசாரணை கம்ப்யூட்டர் திரையில் நடந்தது. தீனதயாளன் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்து, தம் இயந்திரம் எவ்வளவு மோசமாக ஓடியது என்பதை இருபது நிமிஷம் விளக்கினார். எதிர்த்தரப்பு வக்கீல் அது சிறப்பாக ஓடியது என்று வாதாடினார். தீனதயாளனுடைய வேலையை அவ்வளவு புகழ்ந்து பேசியவர் அதுவரை யாருமில்லை.

நாலு மாதத்தில் உத்தரவு வந்தது. காப்புரிமை வழங்கப்பட்டது. அவர் முதலில் இருசம்மாளுக்குப் போன் செய்தார்.

"கெடைச்சிடுச்சி இருசம்மா. நம்ம பக்கம் தீர்ப்பு."

"இன்னா எழுதிகீறாங்க?"

ரம்யா சொல்லியிருந்ததை அப்படியே சொன்னார். காய்கள் ஒன்பது நாள் காய்ந்தவை, குறை இயந்திரத்தில்தான் என்று பதினேழாம் பத்தியில் அதிகாரி ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

"அந்தப் பக்கத்த மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்து அனுப்புங்க. வியாபாரி நாளைக்கி வராரு."

"இங்கிலீஷ்ல இருக்குது இருசம்மா."

"இருக்கட்டும். சீல் இருக்குதில்ல?"