அடுப்பு எரியுது, வண்டியைத் திருப்புங்க

கர்ட்டன் அக்காவுக்கு அடுப்புக்கு முன்னால் சும்மா நிற்பது மட்டும் ஆகவே ஆகாது.

"வேகுறது அதோட வேலை. அதை நான் எதுக்கு முறைச்சுப் பாத்துக்கிட்டு நிக்கணும்?" என்பார்.

தெருவில் எல்லோருக்கும் அவர் கர்ட்டன் அக்காதான். வீட்டின் முன்னறையில் தையல் மெஷின். சுற்றிலும் துணிச் சுருள்கள், ஆட்கள் இழுத்துப் போர்த்திப் படுத்திருப்பதைப் போலக் கிடக்கும். தைப்பது வீட்டில் என்றாலும், ஜன்னலை அளப்பதற்கும் தைத்ததை மாட்டுவதற்கும் வாரத்தில் பாதி நாள் வெளியே போக வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நாட்களுக்கென்றே அவர் கண்டுபிடித்து வைத்திருந்தது எலும்பு சூப். அடி கனத்த பாத்திரத்தில் எலும்பு, கேரட், வெங்காயம், மிளகு எல்லாவற்றையும் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடி, அடுப்பை சிம்மில் வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது வாசலிலேயே மணக்கும்.

யாராவது "ஆள் இல்லாம அடுப்பை விட்டுட்டுப் போறியே, பயமா இல்லையா?" என்று கேட்டுவிட்டால் போதும். இடுப்பில் கை வைத்துக்கொள்வார்.

"இத்தனை வருஷமா வைக்கிறேன். ஒரு நாளாவது அடி பிடிச்சிருக்கா? உப்புகூட கூடினதும் இல்ல, குறைஞ்சதும் இல்ல. எல்லாம் தண்ணி அளந்து ஊத்துற கையில இருக்கு."

அவருடைய கணவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். அடுத்த தெரு முனையில் பெட்டி போன்ற சின்னக் கடை. பூட்டினோமா இல்லையா என்று ஊர் சந்தேகப்படும்வரை அவருக்குப் பிழைப்பு உண்டு. ஊருக்கும் சேர்த்து அவரே சந்தேகப்படுகிறவரும்கூட. கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, படியிறங்கி, மறுபடி ஏறி வந்து இழுத்துப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் இந்த சூப் விஷயத்துக்காக இருவருக்கும் பெரிய சண்டை.

"வீட்டுல ஆள் இல்லாம நெருப்பு இருக்கக் கூடாது. அவ்வளவுதான் சொல்லுவேன்."

"அவ்வளவு பயமா இருந்தா நீங்களே வந்து காவல் உக்காருங்க."

அதன்பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. வழிக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று அக்கா மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டார்.

திரைக் கம்பிகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போவது நாளாக ஆக முடியாத காரியமாகிவிட்டது. அக்கா திரும்பினால் கம்பியும் திரும்பும். ஒருமுறை ஒரு பெரியவரின் மூக்குக்கண்ணாடி கம்பியின் நுனியில் மாட்டிக்கொண்டு பின் சீட்டுவரை போய்விட்டது. அன்றைக்குத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொள்வதென்று முடிவு செய்தார்.

கற்றுக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை. டெஸ்ட் என்று வந்தால்தான் கை உதறும். காரணம், பக்கத்தில் உட்காரும் அதிகாரி. கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. சிரிப்பு என்பது அவருக்கு அலுவலகத்தில் அனுமதிக்கப்படாத பொருள். "கண்ணாடி பாக்கலை" என்று ஒரு தடவை, "சிக்னல் போட்டீங்க, ஆனா எதிர்ப்பக்கம் போட்டீங்க" என்று இன்னொரு தடவை, அக்காவை அனுப்பி வைத்திருந்தார்.

அடுத்த டெஸ்ட்டுக்கும் அதே அதிகாரிதான் வந்து ஏறினார். டிரைவிங் ஸ்கூல் கார் சாலைக்கு வந்து, முதல் சிவப்பு விளக்கில் நின்றது. அக்காவுக்கு எதையாவது பேசினால் படபடப்பு குறையும் என்று தோன்றியது.

"சீக்கிரம் முடிஞ்சிடுமா சார்? வீட்டுல சூப் கொதிக்குது."

"யார் பாத்துக்கிறாங்க?" அதிகாரி தலையைத் தூக்காமலே கேட்டார்.

"யாரும் இல்ல சார். அது பாட்டுக்குக் கொதிக்கும்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"கேஸ் அடுப்பா?"

"ஆமா சார்."

"இப்பவும் எரியுதா?"

"எரியாம எப்படி சார் கொதிக்கும்?"

அந்த அதிகாரி எப்படிப்பட்டவர் என்று அக்காவுக்குத் தெரியாது. சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்குப் பட்டுச் சட்டை போட்டுக் கிளம்பி, பாதி வழியில் கேஸை அணைத்தோமா என்ற சந்தேகம் வந்து வீட்டுக்குத் திரும்பி, மறுபடி மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது காலி நாற்காலிகளை மட்டும் பார்த்துவிட்டு வந்த மனிதர் அவர்.

"அடுப்பு பக்கத்துல ஜன்னல் இருக்கா? கர்ட்டன் கிர்ட்டன் ஏதாவது?"

"சார், நான் கர்ட்டன் தைக்கிறவ. வீடு பூரா கர்ட்டன்தான்."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"வண்டியைத் திருப்புங்க," என்றார் அதிகாரி.

"சார், டெஸ்ட்டுக்கு நேரா போகணும்னு…"

"டெஸ்ட் கிடக்கட்டும்! உங்க வீடு எந்தப் பக்கம்?"

அதன்பிறகு அக்கா ஓட்டியதைப் போல அதுவரை ஓட்டியதே இல்லை. படபடப்பு முழுவதும் பக்கத்து சீட்டுக்குப் போய்விட்டதால் கை கல்லாக நின்றது. கண்ணாடி பார்த்தார், சரியான பக்கம் சிக்னல் போட்டார், குறுக்கே வந்த சைக்கிளுக்கு வழிவிட்டார்.

"சீக்கிரம்! ஐயோ, இங்க இவ்வளவு வேகம் கூடாது, மெதுவா! ஆனா சீக்கிரமா மெதுவா!" என்றார் அதிகாரி.

"பதறாதீங்க சார். மூச்சை நல்லா இழுத்து விடுங்க."

அக்காவின் தெரு ஏற்றமான தெரு. வீடு மேல்முனையில். வண்டி நின்றதோ இல்லையோ, அதிகாரி கதவைத் திறந்துவிட்டார். "இறங்குங்க! சாவி எங்க? ஓடுங்க!" இருவரும் ஓடினார்கள். அக்கா சாவியை நுழைக்கப் போனார். கை பட்டதுமே கதவு திறந்துகொண்டது.

"திருடன்!" என்றார் அக்கா.

"முதல்ல அடுப்பு," என்றார் அதிகாரி.

சமையலறையில் அடுப்பு சிம்மில் எரிந்துகொண்டிருந்தது. அதன் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் பூட்டுக்காரர். மடியில் பேப்பர். ஒரு கையில் உப்பு டப்பா. இன்னொரு கையில் இருந்த கரண்டி வாய்க்குப் போகிற வழியில் அப்படியே நின்றுவிட்டது.

"நீங்க கடையில இல்ல?" என்றார் அக்கா.

"இருந்தேன். நீ பஸ் ஏறினதும் வந்தேன்."

"இன்னைக்கா?"

பூட்டுக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். "நீதானேம்மா காவல் உக்காரச் சொன்ன."

அக்காவுக்குச் சுள்ளென்று ஏறியது. "அப்போ இத்தனை வருஷமா?"

"தண்ணி வத்தினா ஊத்துவேன். வேற ஒண்ணும் பண்றதில்ல."

"அந்த உப்பு?"

"நீ எப்பவும் கொஞ்சம் கம்மியா போடுவ," என்றார் அவர், அதிகாரியின் பக்கம் பார்த்துக்கொண்டு.

"கடை?"

"'இதோ வருகிறேன்'னு போர்டு மாட்டிட்டு வருவேன். சாவியைத் தொலைச்சவன் எங்க போயிடப் போறான்? கதவுக்கு வெளியதானே நிப்பான்."

அதிகாரி முன்னால் வந்து பூட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களை மாதிரி ஒருத்தரை இன்னைக்குத்தாங்க பாக்குறேன்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அக்கா பொசுக்கிவிடுகிற மாதிரி இரண்டு பேரையும் பார்த்தார்.

அப்போது வெளியே எதிர்வீட்டு அண்ணனின் குரல் கேட்டது.

"யாரு வண்டிங்க இது? தானா போகுது!"

மூவரும் வாசலுக்கு ஓடிவந்தார்கள். டிரைவிங் ஸ்கூல் கார், இரண்டு பக்கக் கதவும் விரிந்திருக்க, ஆள் இல்லாமல் நிதானமாகத் தெருவில் பின்னோக்கி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அண்ணன், பிறகு கேட்டவர்களிடமெல்லாம் சாட்சி சொன்னார்: "ஒரு தப்பு சொல்ல முடியாது. நல்லா ஓரமாத்தான் போச்சு." தெருக்கோடியில் இருந்த பெரிய குப்பைத்தொட்டியில் பின்பக்கத்தை முட்டி அது நின்றது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின் பம்பர் மட்டும் நசுங்கியிருந்தது.

கைபிரேக் போடவில்லை. இன்ஜினும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"சூப்பை விட்டுட்டுப் போனதுக்கு என்னா குதி குதிச்சீங்க சார்," என்றார் அக்கா.

அதிகாரி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். "ஃபெயில்," என்றார்.

"யாரு? நானா, நீங்களா?"

"ரெண்டு பேரும்."

சொன்னபடியே மேலதிகாரியிடம் தானே போய் நடந்ததைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். நேர்மையான மனிதர். அதற்கு முன்னால் பூட்டுக்காரர் மரச்சுத்தியலால் பம்பரைத் தட்டி நேராக்கினார். அவர் தட்டி முடிக்கும்வரை அதிகாரி நின்றபடியே ஒரு கிண்ணம் சூப் குடித்தார். உப்பு சரியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒரு நேர்த் தையல் கோணிக்கொண்டு போக, பிரித்தார். மறுபடி தைத்தார், மறுபடி கோணியது. தெரு முழுக்க வாதாடி ஜெயித்ததெல்லாம் அடுத்தவர் கைப்பக்குவத்தை வைத்து ஜெயித்தது என்பது ஊசியாகக் குத்தியது. அதே நேரம், வெக்கையில் முக்காலி போட்டு ஒரு மனுஷன் இத்தனை வருஷமாகத் தனக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தால் கோபம் பாதியில் நின்றுபோனது. கோபமும் முழுசாக வராத எரிச்சலில் சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைத்தார். அவர் அதைக் கவனிக்காததுபோல் ரசித்துச் சாப்பிட்டார்.

அடுத்த டெஸ்ட்டில் அதே அதிகாரி. ஏறியதும் "அடுப்பு?" என்றார். "அணைச்சாச்சு," என்றார் அக்கா. இருவரும் பெருமூச்சு விட்டார்கள். அக்கா பாஸ்.

பழைய வேன் ஒன்று வாங்கினார்கள். வேன் வந்த மறுவாரமே அக்கா ஒரு நிபந்தனை போட்டார். "இன்னைக்கு சூப் வச்சுட்டு ஜன்னல் அளக்கப் போறேன். நீங்க கடையை விட்டு அசையக் கூடாது. என் சூப் தானா வேகுமா வேகாதான்னு ஒரு நாளாவது தெரிஞ்சாகணும்."

"நான் ஏன் அசையப் போறேன்?" என்றார் அவர்.

அக்கா போன வீட்டில் பெரிய கூடம். முதல் ஜன்னலை அளந்தார். இரண்டாவது ஜன்னலின் அகலத்தை உயரம் என்று சொன்னார். மூன்றாவது ஜன்னலில் நாடா கையில் இருக்க, நாடாவைத் தேடினார். "தண்ணி தேவையான அளவு ஊத்தினேனா?" என்று அந்த வீட்டம்மாவிடமே கேட்டுவிட்டார். பிறகு, "ஒரு அவசரம், நாளைக்கு வர்றேன்," என்று சொல்லி வேனில் ஏறினார்.

வீட்டு வாசலில் கைபிரேக்கை இழுத்து இறங்கும்போது, தெரு முனையிலிருந்து யாரோ மூச்சிரைக்க ஓடிவருவது தெரிந்தது. பூட்டுக்காரர். கையில் யாரோ ஒருவருடைய பாதி கழற்றிய பூட்டு.

இருவரும் உள்ளே போனார்கள். சூப் ஒரு குறையுமில்லாமல் மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் அக்கா.

"பாத்தேன்," என்றார் அவர்.

யார் சொன்னது சரி என்று இருவருக்குமே தெரியவில்லை. அக்கா மூடியைத் திறந்து கிளறினார். அவர் உப்பு டப்பாவை எடுக்கப் போனார், அக்கா முறைத்ததும் வைத்துவிட்டார். வந்ததுதான் வந்தோம் என்று இரண்டு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எலும்பு இன்னும் வேகவில்லை. உப்பும் கொஞ்சம் கம்மிதான்.