வாங்காத சம்மன்

அண்ணன் அடித்தது ஒரே அடி. சம்மன் கொடுக்க வந்த கோர்ட் அமீனாவின் உதடு பிளந்தது. அவர் கையிலிருந்த காகிதத்தின் மேல் ரத்தம் சொட்டியது.

"வாங்கினாதான கேஸு? வாங்க மாட்டேன். ஒங்க ஜட்ஜாண்ட போய்ச் சொல்லு, போ!"

எங்கள் பக்கத்தில் பலருடைய நம்பிக்கையும் அதுதான்: காகிதம் கைக்கு வராதவரை வழக்கும் வராது. கிணற்றோடு சேர்ந்த கரும்புக்கொல்லை தன்னுடையதென்று பெரியப்பா மகன் கள்ளக்குறிச்சியில் வழக்குப் போட்டிருந்தான். கிணறு போனால் எங்களுக்கு மிஞ்சுவது கல்லுக்காடு.

அண்ணன் கதவை அறைந்து சாத்திவிட்டுக் கொல்லைக்குப் போனான். அமீனா ரத்தத்தைத் துப்பினார். பையிலிருந்து பசையை எடுத்தார். சம்மனை எங்கள் கதவிலேயே ஒட்டினார். அதைப் பார்த்ததாக யாராவது கையெழுத்துப் போட வேண்டும். தெரு மொத்தமும் தாழ் போட்டுக்கொண்டது. திண்ணையில் நின்ற என்னிடம் வந்தார்.

"நீயாச்சும் போடும்மா. போலீசுக்குலாம் போவல நானு."

அந்த உதட்டைப் பார்க்க முடியவில்லை. போட்டேன்.

அண்ணன் சம்மனைக் கிழித்து அடுப்பில் எறிந்தான். வாய்தா நாளன்று ஏர் ஓட்டினான். அவன் போகாததால், பெரியப்பா மகன் சொன்னதை மட்டும் கேட்டு அவனுக்கே கோர்ட் தீர்ப்பு எழுதியது.

"சம்மனே வரலன்னு நிரூபிச்சா ரத்து பண்ணி மறுபடி விசாரிப்பாங்க," என்றார் எங்கள் வக்கீல். அமீனாவின் அறிக்கையைத் திருப்பிக் காட்டினார். "ஆனா இது யாரு கையெழுத்து?"

பஸ்ஸில் அண்ணன் என் மணிக்கட்டை முறுக்கினான். வளையல் நொறுங்கிச் சதையில் ஏறியது. "கூண்டுல ஏறி எனுக்குத் தெரியாதுன்னு சொல்லு. இல்லன்னா வூட்டுப் பக்கம் வராத."

கூண்டில் ஏறினேன். கீழே அமீனா நின்றிருந்தார்; உதட்டில் கம்பளிப்பூச்சி போல ஒரு தழும்பு.

"எங்கையெழுத்துதாங்க."

கோர்ட் வராந்தாவிலேயே அண்ணன் அறைந்தான். என் உதடும் அதே இடத்தில் பிளந்தது.

"இன்னாடி கெடச்சுது ஒனுக்கு? சொல்லு, இன்னா கெடச்சுது?"

வாய் முழுக்க ரத்தம். துப்பினேன்.

தீர்ப்பை ரத்து செய்யக் கேட்ட மனு தள்ளுபடியானது. கொல்லையைப் பெரியப்பா மகனிடம் ஒப்படைக்க அதே அமீனா போலீசோடு வந்த காலை, அண்ணன் கிணற்று மேட்டில் கொடுவாளோடு நின்றான். அவனுக்கும் அமீனாவுக்கும் குறுக்கே நான் போய் நின்றேன். கொடுவாள் உயர்ந்தது, என் தோளை உரசிக் காற்று போனது. அவன் வெட்டியது கரும்பை. முழங்கால் உயரக் கரும்பை, இன்னும் கணு விடாத கரும்பை, போலீஸ் வந்து பிடிக்கும்வரை, வரிசை வரிசையாக.