மீட்டர் மாமாவின் பின் சீட்டு

‘மீட்டர் மாமா’ என்ற பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது ஒரு கல்யாண வீட்டில், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற இடத்தில். ஒரு பொடியன் சட்டையெல்லாம் நனைந்து நின்றுகொண்டு, “மீட்டர் மாமா வரட்டும். அவரு வண்டியிலதான் வீட்டுக்கு வருவேன்” என்று காலை உதைத்துக்கொண்டிருந்தான். யார் அந்த மாமா என்று விசாரித்தால், பையனுடைய அம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. மணப்பெண்ணின் சித்திக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. சுற்றி வளைத்துத்தான் வரவேண்டும் என்றாலும் விட்டுப்போகிற சொந்தம் இல்லை. கரண்டு ஆபீஸில் வேலை. வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிற உத்தியோகம். பெற்றவர்கள் வைத்த பெயரை அன்றைக்கே யாரும் கூப்பிடவில்லை.

தாயும் தகப்பனும் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவரை வளர்த்தது அக்காதான். அவருக்குக் கல்யாணம் என்னமோ கூடிவரவில்லை. ஒரு இடம் கை நழுவியது, இன்னொரு இடம் பார்ப்பதற்குள் தலை நரைத்துவிட்டது. தெருத்தெருவாக எத்தனையோ வீட்டுக் கேட்டைத் திறந்திருப்பார். ஆனால் மீட்டர் எப்போதும் வாசல் பக்கம்தான் இருக்கும். அதைத் தாண்டி உள்ளே போக அவருக்கு வேலையில்லை, உள்ளே வா என்று சொல்ல யாருக்கும் தோன்றியதுமில்லை. சாயங்காலம் மாடி அறைக்குத் திரும்புவார். இரண்டு நாற்காலியில் ஒன்று அவருக்கு, இன்னொன்று ஹெல்மெட்டுக்கு.

அவருக்கென்று இருந்தது வியாழக்கிழமை. அக்காவுக்குச் சர்க்கரை, வாராவாரம் ஆஸ்பத்திரி. அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு அக்காவை பைக்கின் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு போவார். ஒரு பக்கமாக உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்று அக்கா இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்காருவாள். அங்கே தொடங்கும் பேச்சு.

“மெதுவாப் போடா. ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிடாது.”

“இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னுடும்க்கா.”

“நிக்கட்டுமே. வீட்டுல போய் நான் என்ன கிழிக்கப்போறேன்?”

வலது பக்கம் ஓடுகிற புகைக்குழாயைப் பார்த்து அவள் எப்போதாவது கேட்பாள், “சுடுமாடா?” அவர் உடனே தன் கெண்டைக்காலை அதன்மேல் ஒட்டிவைத்துக் காட்டுவார். “சூடே இல்லக்கா.” பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே சுடவில்லை.

ஒரு வியாழக்கிழமை சந்திப்பில் பெரிய நெரிசல். வண்டிகள் நகரவே இல்லை. அக்காவும் தம்பியும் பழைய வீட்டுக் கதையைப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வீடு வந்து அக்கா சோபாவில் உட்கார்ந்தபோதுதான் அவள் மகன் பார்த்தான். அவளுடைய வலது கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து உரிந்துபோயிருந்தது. அன்றைக்குக் கல்யாண வீட்டில் காலை உதைத்த அதே பொடியன்தான். இப்போது மீசையும் காருமாக இருக்கிறான்.

“அம்மாவுக்குச் சர்க்கரையில கால் மரத்துப்போச்சு. முன்னாடி உக்காந்திருந்த உங்களுக்கு என்ன மாமா?”

அவர் தன் பேண்ட்டைத் தூக்கிப் பார்த்தார். வலது கெண்டைக்காலில் ஒரு இடம் பழைய செருப்புத் தோல் மாதிரி கறுத்துக் கெட்டியாக இருந்தது. வருஷக்கணக்காகச் சூடு பட்டுப் பட்டு உணர்ச்சி அற்றுப்போன இடம். அதை வைத்துத்தான் இத்தனை நாளும் சோதித்துக் காட்டியிருக்கிறார்.

“இனிமே அந்த வண்டியில அம்மா ஏற வேண்டாம்” என்றான் மருமகன்.

அந்த ஒரு வார்த்தையை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வண்டிதானே குற்றம்? வண்டியை ஆற வைத்துவிட்டால் அக்கா மறுபடியும் ஏறுவாள். அதுவரைக்கும் எந்த முகத்தோடு அந்த வாசலில் போய் நிற்பது?

கடையில் கேட்டு, சூடு தாங்குகிற நாடா ஒரு சுருள் வாங்கிவந்தார். தண்ணீரில் ஊறவைத்து, மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, குழாயைச் சுற்றிச் சுற்றி இழுத்துக் கட்டினார். முதல் நாள் ஓட்டியபோது தெருவே புகைந்தது. அப்புறம் சரியாகிவிட்ட மாதிரிதான் இருந்தது. மழை வந்தது. நாடா தண்ணீரைக் குடித்துவிட்டுத் துப்பவே இல்லை. நிறுத்தின வண்டியிலிருந்து ஆவி கிளம்பியது.

இடையில் அக்கா போன் செய்வாள். “வாடா, பாத்து நாளாச்சு.”

“வண்டி வேலை கொஞ்சம் இருக்குக்கா. முடிச்சுட்டு வரேன்.”

“சரி” என்பாள். அடுத்த போனிலும் இதே பேச்சு, இதே சரி.

கடைசியில் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினார். அவன் குழாயைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

“என்ன மாமா, குழாய்க்குக் கால் ஒடிஞ்சுபோச்சா? மாவுக்கட்டு போட்டிருக்கீங்க.”

நாடாவை அறுத்து எடுத்தான். உள்ளே குழாய் செங்கல் நிறத்துக்குத் துருப்பிடித்திருந்தது. பிறகு கார்புரேட்டர் பக்கம் குனிந்தான்.

“இந்த ஸ்க்ரூவ இப்படித் திருகி வச்சது யாரு?”

“நாந்தான். பெட்ரோல் கம்மியாக் குடிக்கட்டுமேன்னு.”

“காத்த அள்ளிக் குடுத்து பெட்ரோலக் கிள்ளிக் குடுத்தா கொதிக்காம என்ன பண்ணும்? குழாய் சேர்ற எடத்துல வாஷரும் போச்சு, அதுல வேற காத்து இழுக்குது. வெளிய துணி சுத்தி என்ன பிரயோஜனம்?”

ஸ்க்ரூவைத் திருப்பினான், வாஷரை மாற்றினான், குழாயின் துருவை உரசி எடுத்தான். குழாய்க்கு மேலே ஓட்டை போட்ட தகடு ஒன்றையும் பொருத்தினான், ஒட்டாமல். தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி. “இதுல காத்து ஓடிட்டே இருக்கணும். அழகா இருக்கட்டும்னு இறுக்கிடாதீங்க” என்று சொல்லி அனுப்பினான்.

இந்த முறை அவர் தன் காலை நம்பவில்லை. சட்டைப்பையில் மெழுகுவத்தி ஒன்றை வைத்துக்கொண்டார். நெரிசலான தெருவாகப் பார்த்துப் போய், ஓரமாக நிறுத்தி, தகட்டின்மேல் மெழுகுவத்தியை அழுத்திப் பார்ப்பார். போகிறவர்கள் வருகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். உருகவில்லை. மறுநாளும் உருகவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் நாற்காலியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, இரண்டு நாற்காலியையும் துடைத்துப் போட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற வழியில் அக்காவை மாடிக்குக் கூட்டிவரலாம் என்று யோசனை.

வியாழக்கிழமை காலையில் போனார். அக்கா வீட்டு வாசலில் கைத்தடியோடு நின்றிருந்தாள். மகன் காரை எடுக்கப் போயிருந்தான். தம்பியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அவர் இறங்கி, பையிலிருந்து மெழுகுவத்தியை எடுத்துத் தகட்டின்மேல் அழுத்திக் காட்டினார்.

“பாருக்கா. இவ்வளவு தூரம் ஓட்டி வந்திருக்கேன். உருகல.”

அவள் குனிந்து தகட்டின்மேல் கையை வைத்தாள். எடுக்கவே இல்லை. “வெதுவெதுன்னுதான்டா இருக்கு” என்று சிரித்தாள். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். புண் ஆற மாசக்கணக்காகப் படுத்துக் கிடந்த கால். கால் வைக்கிற கம்பி வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. இன்னொரு முறை தூக்கிப் பார்த்தாள்.

“குழாய் ஆறிடுச்சுடா. காலு ஏற மாட்டேங்குது.”

அவர் மெழுகுவத்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“இதுக்காகவா இத்தனை நாளும் வராம இருந்த?”

“அந்த வண்டியில ஏறக் கூடாதுன்னானே உன் மகன்.”

“வண்டியத்தான சொன்னான், உன்னையா சொன்னான்? நடந்து வந்து நின்னிருந்தா கதவத் தொறக்க மாட்டேனா? எழுந்து நடக்கச் சொல்லி வாரா வாரம் டாக்டர் கத்துனாரு. யாரு கையப் புடிச்சு நடப்பேன்னுதான் படுத்தே கெடந்தேன்.”

கார் வந்தது. “நீங்களும் ஏறுங்க மாமா” என்றான் மருமகன். வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு எப்படி வருவது என்றார் அவர். காருக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார். அதே சந்திப்பில் அதே நெரிசல். கார்க் கண்ணாடி வழியாக அக்காவின் பின்தலை தெரிந்தது. அவள் ஒரு முறை திரும்பி, மெதுவாக வா என்று கையைக் காட்டினாள்.

மீட்டர் மாமா இப்போதும் அதே மாடி அறையில்தான் இருக்கிறார். வியாழக்கிழமை காலையில் மட்டும், ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற அறைக்கு வெளியே, அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பார்.