அக்கா அரைத்த சந்தனம்

சாமியைத் தேடி நான் மதம் மாறவில்லை. சொந்தக்காரர்களைத் தேடித்தான் மாறினேன். இதைப் பாதிரியாரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஞானஸ்நானம் கொடுத்திருக்க மாட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் கெலமங்கலத்தில் ஒரு புளி மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். ஓசூர் பக்கத்து வேதக்காரக் கிறிஸ்தவப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, இரண்டு சாமிக்கும் பொதுவாக ஒரே விளக்கை ஏற்றிக் குடித்தனம் நடத்தினேன். வயிற்றில் ஐந்து மாதம் ஆனபோது மனைவி பேச்செடுத்தாள்.

"எனக்கு எந்தச் சாமின்னாலும் சரிங்க. பிள்ளைக்கு மட்டும் ஒன்னைத்தான் சொல்லிக்குடுப்பேன். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

நிறுப்பது என் தொழில். இதையும் நிறுத்துப் பார்த்தேன். என் பத்து வயதில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் காலராவில் போனார்கள். பங்காளிகள் கருமாதிச் சோறு தின்ற கையோடு எங்கள் நிலத்தை உழுதுகொண்டார்கள். ஏழு வயது மூத்த அக்காதான் கூலிக்குப் போய் என்னை வளர்த்தாள். மனைவியின் ஊரிலோ ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் தெருவே கஞ்சி காய்ச்சும். நாளைக்கு நான் செத்தால் என் பிள்ளை எந்தத் தெருவில் நிற்க வேண்டும்? தட்டு அந்தப் பக்கம் சாய்ந்தது.

ராயக்கோட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காவிடம் சொல்லப் போனேன். கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"சொந்தம் வேணும்னு போறேங்கற. நான் ஒருத்தி பத்தலயாடா உனக்கு?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவள் வீட்டில் களி தின்னாமல் நான் திரும்பியது அன்றைக்கு மட்டும்தான். அடுப்பில் களி இருந்தும் அவள் தின்னச் சொல்லவில்லை. அதனால் கோபமும் வந்தது.

ஞானஸ்நானம் ஆயிற்று. புதுப்பேர் வைத்தார்கள். சந்தையில் மூன்று மொழியில் பேரம் பேசுகிற எனக்குக் கோவிலில் ஓதிய லத்தீன் ஒரு எழுத்தும் விளங்கவில்லை. மகள் பிறந்தாள். அக்காவுக்கு ஆள் விட்டேன், வரவில்லை. மாமன்மார் மகளைத் தோள் மாற்றித் தோள் தூக்கித் திரிந்தார்கள். நான் நினைத்த மாதிரியே எல்லாம் நடந்தது, எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மகளுக்கு ஒரு வயதானதும் மாதா திருவிழாவில் மொட்டை. வேதக்காரர்களுக்கும் அது உண்டு. அக்காவுக்கு மறுபடி ஆள் விட்டேன், பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. வேண்டுதல் என்று எனக்கும் மொட்டையடித்தார்கள். தாய்மாமன் மடியில் மகள் வீறிட்டுக்கொண்டிருந்தபோது, கோவில் வாசலில் யாரோ என் பழைய பேரைக் கூப்பிட்டார்கள். அந்த ஊரில் யாரும் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை. மனைவிதான் முதலில் திரும்பினாள்.

"ஏங்க, அண்ணி வந்திருக்காங்க!"

அக்கா கையில் ஒரு பித்தளைக் கிண்ணம், நிறைய அரைத்த சந்தனம்.

"பிள்ளைக்கு மொட்டையடிச்சா அத்தை சந்தனம் பூச வேணாமா? உங்க கோவில்ல அதுக்கு எடமில்லன்னா சொல்லு, போயிடறேன்."

மனைவி மகளை வாங்கி அக்கா இடுப்பில் வைத்தாள். சந்தனம் பூசப் பூச அழுகை நின்றது. மாமன்மாரெல்லாம் சுற்றி நின்று, நான் நீ என்று மகளுக்குக் கைநீட்டினார்கள். அக்கா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"குனிடா," என்றாள்.

குனிந்தேன். சின்ன வயதில் பூசிய மாதிரியே, முன்னந்தலையிலிருந்து பின்னுக்கு இழுத்துப் பூசினாள். அன்றைக்கு அவள் கேட்டதற்கு அப்போதுதான் பதில் சொன்னேன்.

"நீ ஒருத்தியே பத்தும்க்கா."

"பத்தாதுடா," என்றாள் அக்கா. "நம்ம பிள்ளைக்கு இத்தனை பேரும் வேணும்."