எடை இறங்கினால் என்ன செய்ய வேண்டும்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதத்தில், பெரம்பலூரில் நான் செவிலியராகப் பணிபுரியும் மருத்துவமனையில் இது தொடங்கியது. குன்னம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுபது வயதை ஒட்டிய ஓர் அம்மா, மூச்சுத்திணறலோடு ஆம்புலன்ஸில் வந்து சேர்ந்தார். நான்கு மாதங்களில் அது மூன்றாவது முறை. இதயம் பலவீனமானதால் உடலில் நீர் தேங்கிக் கால்கள் வீங்கியிருந்தன. மகள் திருப்பூரில், இவர் தனியாக இருந்து, வெங்காயக் களத்தில் வெங்காயத்தின் காய்ந்த தாளைக் கிள்ளிச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போய்வந்தார்.

வீக்கம் வடிந்த பிறகு, சற்றுக் கடுமையாகவே கேட்டேன்.

"தினமும் எடை பாருங்க, ஒரேயடியா ஏறுனா உடனே வாங்கன்னு போன தடவையே சொன்னேனே. ஏன் பாக்கல?"

"எதுல பாக்குறது, சொல்லு. ரேஷன் கடைத் தராசுல ஏறி நின்னா அரிசிக்குப் பதிலா என்னைய அளந்து குடுத்துருவான்."

வார்டே சிரித்தது. எனக்கு முகம் சுண்டிவிட்டது. இரண்டு முறை இதே அறிவுரையைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். எடைக் கருவி வீட்டில் இருக்கிறதா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அவரே வழியும் சொன்னார். "எங்க களத்துல மூட்டை போடுற தராசு ஒண்ணு இருக்கு. லைட்டு எரிஞ்சு நம்பர் காட்டும். அதுல ஏறுனா ஆகுமா?"

ஆகும் என்றேன். காலையில் வேலைக்கு வந்ததும், எதுவும் சாப்பிடுவதற்கு முன் ஏற வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் என்னைக் கூப்பிட வேண்டும். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று மருத்துவர் வரையறுத்த அளவை, ஒரு பாட்டிலில் என் நகப்பூச்சால் கோடு போட்டுக் கொடுத்தேன். கைபேசி எண்ணையும் எழுதித் தந்தேன். உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் மருத்துவரும் தடுக்கவில்லை.

அடுத்த மாதப் பரிசோதனைக்கு அவர் பேருந்தில் வந்தார். நடந்தே வார்டுக்குள் வந்து, மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். தினமும் கிழிக்கும் நாள்காட்டித் தாள்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் பால்பாயிண்ட் பேனாவில் ஓர் எண்: 46.1, 45.9, 46. களத்தில் மூட்டைகளை எடை போடும் பெண் எழுதியவை.

"தெனமும் கேலி பண்றாளுவ. அம்பது கிலோ மூட்டைக்கு நாலு கிலோ கொறையுது பெரியம்மா, யாவாரி உன்னைய எடுக்க மாட்டான்னு."

மருத்துவர் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். நாங்கள் வார்டில் எழுதும் குறிப்பேட்டுக்குக் குறையாத ஒழுங்கு அதில் இருந்தது. அன்று எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை மறைக்கத் தெரியாமல் மூன்று பேரிடம் சொன்னேன்.

சித்திரை பிறந்தது. ஒருநாள் காலை பத்து மணியளவில், பழக்கமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு.

"சிஸ்டருங்களா? வெங்காயக் களத்துலேர்ந்து பேசுறேன். எடை எழுதிக் குடுப்பேன்ல, அது நான்தான். பெரியம்மாவுக்கு ரெண்டு நாளா எடை எறங்குது. முந்தாநாள் நாப்பத்தஞ்சு தொள்ளாயிரம், இன்னக்கி நாப்பத்தி மூணு எண்ணூறு. ஏறுனா கூப்பிடச் சொன்னீங்களாம். எறங்குனா என்ன செய்யணும்?"

எதிரே ஊசி போட ஒருவர் காத்திருந்தார். "நீர் வடிஞ்சா நல்லதுதாங்க," என்றேன். அத்துடன் வைத்திருப்பேன். அவர் விடவில்லை.

"இல்லைங்க சிஸ்டர். பட்டறை போட்டு மாசக்கணக்கா அடுக்கி வெச்ச வெங்காயமும் இப்படித்தான் எறங்கும். அழுவலும் இருக்காது, யாரும் எடுத்துருக்கவும் மாட்டாங்க. உள்ள இருக்குற தண்ணி போயிருக்கும். இவங்க மொகத்தப் பாத்தா எனக்கு அப்படித்தான் தோணுது. காயிறாங்க."

கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்துவிட்டேன்.

"நாக்க நீட்டச் சொல்லுங்க. ஈரம் இருக்கா?"

"வறண்டு போயிருக்கு."

"ஒண்ணுக்குப் போனாங்களா?"

"நேத்து சாயங்காலம் போனதுதானாம். ரெண்டு நாளா வவுத்தால வேற போவுதாம். எங்ககிட்ட சொல்லவே இல்ல. எந்திரிச்சா தலை சுத்துது."

மருத்துவரிடம் ஓடினேன். உடலின் நீரை வெளியேற்ற அவர் சாப்பிடும் மாத்திரையை அன்று நிறுத்தச் சொல்லி, உடனே அழைத்துவரச் சொன்னார். ஆம்புலன்ஸுக்குச் சொல்வதற்குள், "எங்க வண்டி நிக்கிது, ஏத்திட்டோம்," என்று பதில் வந்தது. வெங்காயம் ஏற்றும் குட்டியானை வண்டியில், டிரைவர் பக்கத்தில் அம்மாவைத் தாங்கிப் பிடித்தபடி அந்தப் பெண் வந்து இறங்கினார்.

அம்மாவுக்கு நினைவு தடுமாறியிருந்தது. என்னைத் தன் மகள் என்று எண்ணி, எப்ப வந்த என்று கேட்டார். எழுந்து உட்கார்ந்தாலே ரத்த அழுத்தம் சரிந்தது. உப்புச்சத்து குறைந்து, சிறுநீரகம் சோர்வடையத் தொடங்கியிருந்தது. நீர் ஏற்றாவிட்டால் சிறுநீரகம் போய்விடும். வேகமாக ஏற்றினால் அந்த இதயம் தாங்காமல் நுரையீரலில் நீர் கோத்துவிடும். மருத்துவர் குறித்துத் தந்த வேகத்தில், சொட்டுகளை எண்ணியபடி கட்டிலருகே நின்றேன். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மூச்சில் இரைச்சல் கேட்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிற்பகல் மூன்று மணியளவில் சிறுநீர் பிரிந்தது. அளவுக் குவளையில் இருநூறு மில்லி. அதைக் குறிப்பேட்டில் எழுதினேன்.

மறுநாள் தெளிவாகப் பேசினார். வயிற்றுப்போக்கு என்றால் தண்ணீர் கேட்டிருக்குமே, ஏன் குடிக்கவில்லை என்றேன்.

"தவிச்சுது. நீ போட்ட கோட்டத் தாண்டலம்மா."

அவர் குறையாகச் சொல்லவில்லை; நல்ல மாணவி சொல்வதுபோல் சொன்னார். பாட்டிலில் கோடு போட்டவள், அந்தக் கோட்டை எப்போது தாண்டலாம், எப்போது என்னிடம் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னதை மீறியதால் அவருக்கு ஆபத்து வரவில்லை. அப்படியே கேட்டதால் வந்தது.

நான்காம் நாள் வீடு திரும்பினார். நடந்ததை மறைக்காமல் தலைமைச் செவிலியரிடம் சொன்னேன். இதய நோயாளிகளுக்கு நாங்கள் தரும் அறிவுரைத் தாளில் அதுவரை 'எடை ஏறினால்' என்ற வரி மட்டுமே இருந்தது. 'எடை இறங்கினால், வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் அன்றே அழைக்கவும்' என்ற வரி அதற்குக் கீழே சேர்ந்தது.

ஒரு விடுமுறை நாளில் அந்தக் களத்துக்குப் போனேன். எடை போடும் அந்தப் பெண்ணிடம் நன்றி சொல்லத் தொடங்கியதும், அவர் என் கையைப் பிடித்து இழுத்துத் தராசில் ஏற்றினார்.

"மூட்டையத் தாண்டி ஆறு கிலோ, சிஸ்டரு. இவங்கள யாவாரி எடுத்துக்குவான்."

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அன்றைய தாளை என்னிடம் காட்டினார்: 45.8.

இன்றும் அவர் சோதனைக்கு வருகிறார், பேருந்தில். ஒவ்வொரு முறையும் ஒரு கட்டுத் தாள் வருகிறது. பட்டம் பெற்ற நாளில்கூட நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. அதில் என் பங்கைவிடப் பெரும்பங்கு, நான் 'நல்லதுதாங்க' என்று சொன்ன பிறகும் தொலைபேசியை வைக்காத அந்தப் பெண்ணுக்கே உரியது. அதனால்தான் இப்போதெல்லாம் யார் வீடு திரும்பினாலும், நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகு, அவர்கள் கேட்கக்கூடிய ஒரு கேள்விக்காகச் சற்று நேரம் காத்திருக்கிறேன்.